பிறந்த வீட்டு வைரஸும் புகுந்த வீட்டு வைரஸும்

கூச்ச சுபாவம் உள்ளவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள். சத்தம் போடுகிறவர்கள் செய்கிற சேதம் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். எங்களைப் போன்றவர்கள் புரியாததற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, ஓசைப்படாமல் போய்ச் செய்கிற சேதம் இலையெல்லாம் சுருண்ட பிறகுதான் தெரியும்.

இலை என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமான இலைதான். காராமணி இலை.

நான் பிறந்தது கீழ்பென்னாத்தூர். வாழ்க்கைப்பட்டது அடி அண்ணாமலை. படித்தது பத்தாவது வரை. (பாஸா என்று கேட்காமல் இருப்பவர்களுக்கு என் நன்றி.) வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டுக்காரர் ஏழுமலைக்குக் கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை. எங்கள் வீட்டுக்கு வேண்டிய பேச்சு மொத்தத்தையும் அவரே பேசிவிடுவார். அளவு எடுக்கும்போது "கையத் தூக்குங்க" என்று சொல்வதுதான் நான் பேசுவதிலேயே நீளமான வாக்கியம்.

என் அக்கா மகள் ரேவதி அப்போது விவசாயக் கல்லூரியில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். காராமணிச் செடிக்கு வருகிற ஒரு வைரஸ்தான் அவளுடைய ஆராய்ச்சி. விஷயம் இதுதான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வயலில் வருகிற நோயில் இலை லேசாக மஞ்சள் பூத்து, தேமல் விழுந்த மாதிரி இருக்கும். செடி வளரும், காய்க்கும். அடி அண்ணாமலைப் பக்கம் வருகிறதோ முரட்டு ஜாதி. இலையை அப்பளம் பொரித்த மாதிரிச் சுருட்டி, செடியை முழங்கால் உயரத்தைத் தாண்ட விடாது.

"ரெண்டும் ஒரே வைரஸோட ரெண்டு ஸ்ட்ரெயினா, இல்ல வேற வேற வைரஸான்னு கண்டுபிடிக்கணும் சித்தி" என்றாள் ரேவதி.

"கண்டுபிடிம்மா. ஆனா உடம்ப ரொம்ப ஸ்ட்ரெயின் பண்ணிக்காத" என்றேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஸ்ட்ரெயின் என்றால் ஒரே வைரஸுக்குள் இருக்கும் வகை, அண்ணன் தம்பி மாதிரி, முகம் ஒன்று, குணம் வேறு என்று விளக்கினாள். நான் தலையாட்டினேன்.

ஏழுமலைக்கு இது நன்றாகப் புரிந்துவிட்டது. அவருக்குத் தேவையானது மட்டும் புரிந்தது. "அப்போ உங்க ஊரு வைரஸ் சாது, எங்க ஊருது முரடு, அப்டித்தானே? கல்யாணம் பண்ண எடத்துல மாறிப்போச்சு போல. நம்ம வூட்டுல எல்லாம் தலைகீழா இல்ல இருக்குது!" என்றார். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் "நம்ம ஊரு வைரஸுக்கு வீரியம் ஜாஸ்தி. கீழ்பென்னாத்தூருது கம்மி" என்று சொல்லியிருக்கிறார். இளநீர் குடிக்க வந்தவர்கள் பாதி குடித்த காயை வைத்துவிட்டு மலையைப் பார்க்க நடந்தார்கள். அடுத்த வாரம் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த இரண்டு பெண்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாசலிலேயே நின்று, பழைய ஜாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள்.

ரேவதியின் செடிகள் எங்கள் வீட்டுக்கு ஏன் வந்தன என்றால், கல்லூரியில் பூச்சி நுழையாத வலைக் கூடாரத்துக்கு இடம் இல்லை. முதலில் அவள் கீழ்பென்னாத்தூரில் தன் வீட்டுப் பின்னால்தான் வைத்தாள். அக்கா வளர்க்கும் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து மொத்தத்தையும் தின்றுவிட்டது. (அதற்கு ஸ்ட்ரெயின் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இரண்டு வகையையும் ஒரே ருசியோடுதான் தின்றதாம்.)

அன்றைக்கு மாமா, அதாவது ரேவதியின் அப்பா, ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ பாக்கலாம். அதுவும் ஆகலன்னா படிப்ப மூட்ட கட்டிடு. மாப்ள வூட்டுல எவ்ளோ நாளுதான் காக்க வெக்கிறது?" மாப்பிள்ளை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு. படிப்பு முடியாவிட்டாலும் கல்யாணம்தான், ஆனால் பாதிப் படிப்போடு. ரேவதி அழுதுகொண்டே ஆட்டைத் திட்டினாள். ஆடு அசை போட்டது.

அந்த இன்னொரு தடவைதான் என் கைக்கு வந்தது.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் கொஞ்சம் காலி இடம் இருக்கிறது. நடுவில் ஒரு சின்னப் பிள்ளையார். மாமியார் காலத்துக்கும் முன்னால் இருந்து அங்கேயே இருக்கிறார். அவரைச் சுற்றி மூன்று கூடாரம். பாய் கடையில் கொசுவலைத் துணி வாங்கி நான்தான் தைத்துக் கொடுத்தேன். (அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன் என்று இங்கே பதிவு செய்ய ஆசைப்படுகிறேன்.) கொல்லைக் கதவைத் திறந்து பிள்ளையாரைப் பார்த்து நின்றால், வலது பக்கம் நோய் இல்லாத சுத்தமான செடிகள். பிள்ளையாருக்குப் பின்னால் கீழ்பென்னாத்தூர் நோய் வைத்த செடிகள். இடது பக்கம் அடி அண்ணாமலை நோய் வைத்தவை.

நோய் வைப்பதை நான் கூடவே இருந்து பார்த்தேன். நோய் வந்த இலையைச் சின்னக் கல்வத்தில் போட்டு அரைத்து, செடியின் இலை மேல் சாம்பல் நிறப் பொடி ஒன்றைத் தூவி, அரைத்த சாற்றை விரலால் தொட்டு மெதுவாகத் தேய்த்தாள். பார்த்தால் குழந்தைக்கு விபூதி பூசுகிற மாதிரியே இருந்தது. நான் என்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு கூடாரத்திலும் நோய் நன்றாகத் தெரிகிற வரை ரேவதி எங்களோடு இருந்தாள். பிறகு கல்லூரியில் வேலை என்று கிளம்பினாள். போகும்போது என்னைக் கூடாரங்களுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"சித்தி, தண்ணி தினமும். ரெண்டு நாளைக்கு ஒரு தரம் ஒவ்வொரு செடியிலயும் ஒரு இல வெட்டி, கவர்ல போட்டு, ஃப்ரிட்ஜ்ல வை. மொதல்ல சுத்தமான செடி, அப்புறம் கீழ்பென்னாத்தூரு, கடைசியா அடி அண்ணாமல. இந்த வரிச மாறவே கூடாது. ஒவ்வொரு டென்ட்டுக்கும் நடுவுல கத்தரிய சோப்புத் தண்ணில முக்கி எடு. புரியுதா?"

தலையாட்டினேன்.

"மேடம் நேர்ல வந்து பாக்கப்போறாங்க. சுத்தமான செடி சுத்தமா இருந்தாத்தான் மத்த ரெண்டையும் ஒப்பிட முடியும். அது போச்சுன்னா எல்லாம் போச்சு. அப்பா என்ன சொன்னாருன்னு உனக்கே தெரியும்."

மறுபடியும் தலையாட்டினேன்.

மறுநாள் காலை கத்தரியோடு கொல்லைக் கதவைத் திறந்தேன். எப்போதும் போல் முதலில் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு. வலது பக்கம் திரும்பி ஒரு அடி எடுத்து வைத்ததும் கால் நின்றுவிட்டது.

இதைப் படிக்கிறவர்கள் வேறு ஊராக இருந்தால் சிரிக்கலாம். எங்கள் ஊரில் மலையையே வலமாகத்தான் சுற்றுவோம். பௌர்ணமிக்கு அத்தனை லட்சம் ஜனமும் எங்கள் வீட்டு வாசல் வழியாக ஒரே பக்கமாகத்தான் போகும். எதிர்ப்பக்கமாக ஒருவர் வந்தால் வழி தெரியாதவர் என்றோ செருப்பைத் தொலைத்தவர் என்றோ அர்த்தம். பிறந்ததிலிருந்து சாமி என் வலது கைப் பக்கம் இருந்துதான் பழக்கம். ரேவதி சொன்ன வரிசைப்படி போனால், வலது பக்கம் ஆரம்பித்து, பின்னால் போய், இடது பக்கமாக வெளியே வர வேண்டும். அதாவது பிள்ளையாரை இடமாகச் சுற்ற வேண்டும். அதுவும் காலை நேரத்தில், குளித்த தலையோடு.

சுத்தமான செடியைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பி வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த யோசனை எனக்கும் வந்தது. நான்கு மாதம் கழித்து வந்தது.

ரேவதிக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் படித்த பெண், வேலையாக இருப்பாள், இதையெல்லாம் கேட்டால் என்ன நினைப்பாள் என்று கூச்சம். செடிக்கு என்ன தெரியப்போகிறது, யாருக்கு முதலில் தண்ணீர் ஊற்றினால் என்ன, மூன்று பேருக்கும் கிடைத்தால் சரி என்று முடிவு செய்தேன். பந்தியில் எந்தப் பக்கத்திலிருந்து பரிமாறினாலும் சாப்பாடு ஒன்றுதானே. அப்படியே இடது பக்கம் திரும்பி அடி அண்ணாமலையில் ஆரம்பித்து, கீழ்பென்னாத்தூர் வழியாக, சுத்தமான செடிகளில் வந்து முடித்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

அடுத்தது கத்தரி. கையில் இருந்தது என் நூல் வெட்டும் கத்தரி. தையல்காரியிடம் கத்தரியைத் தண்ணீரில் முக்கச் சொல்வதும், சமையல்காரரிடம் உப்பு டப்பாவை மழையில் வைக்கச் சொல்வதும் ஒன்றுதான். துரு ஏறினால் அதோடு போச்சு. அதனால் ஒவ்வொரு கூடாரத்துக்கும் நடுவில் முந்தானையில் நன்றாக அழுத்தித் துடைத்தேன். பளபளவென்று இருந்தது. ரேவதி பார்த்தால் மெச்சுவாள் என்றுகூட நினைத்தேன்.

இரண்டு வாரம் போனது. சுத்தமான செடிகளின் கொழுந்து லேசாகச் சுருள ஆரம்பித்தது. தண்ணீர் பற்றவில்லை என்று கூட ஒரு சொம்பு ஊற்றினேன். மேலும் சுருண்டது. வெயில் என்று வலை மேல் என் பழைய சேலையைப் போட்டேன். இன்னும் சுருண்டது. கடைசியில் ஒரு மத்தியானம் யாரும் பார்க்காத நேரத்தில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, சுருண்ட இலைகளைத் துணியில் மடிப்பு எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக விரலால் நீவி விட்டேன். (இஸ்திரிப் பெட்டி ஞாபகம் வந்தது உண்மை. எடுக்கவில்லை.) அப்படி நீவி விட்டதில், அதுவரை தப்பித்திருந்த இரண்டொரு செடிகளுக்கும் என் விரலே நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று பிறகு தெரிந்தது.

ரேவதி போனில் படம் கேட்டாள். அனுப்பினேன். பாதிப் படத்தில் என் கட்டைவிரல், மீதிப் பாதியில் பிள்ளையார்.

"செடி எப்டி சித்தி இருக்கு?"

"இருக்குதும்மா" என்றேன். அது பொய் இல்லை.

ஒரு காலை, சொல்லாமல் கொள்ளாமல் கார் வந்து நின்றது. ரேவதியும் அவளுடைய மேடமும் இறங்கினார்கள். மேடம் சத்தமே போடாமல் மெதுவாகப் பேசுகிறவர். அந்த மாதிரி ஆட்களிடம்தான் எனக்குப் பயம் ஜாஸ்தி. ஏழுமலை கடையை அப்படியே விட்டுவிட்டு இரண்டு இளநீரோடு ஓடி வந்தார். மேடம் குடிக்கவில்லை. நேராகக் கொல்லைக்குப் போனார்.

"சுத்தமான செடி எதும்மா?"

கையைக் காட்டினேன். மேடம் வலையைத் தூக்கிப் பார்த்தார். இடது பக்கக் கூடாரத்தைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார்.

"இதுவா?"

ரேவதி வலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "சித்தி... எல்லாம் போச்சு சித்தி" என்றாள். மாமா சொன்னது காதில் கேட்டது. அந்தப் பெண்ணின் படிப்பை ஒரு ஆடும் நானும் சேர்ந்து முடித்து வைத்துவிட்டோம்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க தினமும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்கம்மா" என்றார்.

எனக்கு வாய் வராது, கை வரும். செய்தேன். பிள்ளையாருக்குக் குட்டிக்கொண்டேன். தோப்புக்கரணம் போட்டேன். கத்தரியை எடுத்துக்கொண்டு இடது பக்கம் திரும்பி அடி அண்ணாமலை, பின்னால் போய்க் கீழ்பென்னாத்தூர், சுற்றி வந்து சுத்தமான செடி. நடுநடுவே முந்தானையில் துடைத்தேன். மேடம் என் பின்னால் வந்தார். அவர் பின்னால் ரேவதி. ரேவதி பின்னால், எதற்கென்று தெரியாமல், இரண்டு இளநீரோடு ஏழுமலை. தினமும் பிள்ளையாரை மூன்று சுற்று சுற்றுகிற பழக்கத்தில் கால் தானாக இரண்டாவது சுற்றுக்குப் போனது. மூன்றாவது சுற்றில்தான் திரும்பிப் பார்த்தேன். ஆராய்ச்சி பார்க்க வந்த மேடம் கைகூப்பியபடி எங்கள் பிள்ளையாரை வலம் வந்துகொண்டிருந்தார்.

"புரிஞ்சிடுச்சு" என்றார் மேடம்.

"எனக்கும் புரிஞ்சிடுச்சு" என்றாள் ரேவதி. அவள் சொன்ன விதமே வேறு. "சித்தி, நோய்லருந்து ஆரம்பிச்சு நல்லதுக்கு வந்திருக்க! அந்தக் கத்தரில இருக்கிற சாறே போதும்!"

"சாமிய எப்டிம்மா எடமா சுத்துறது?" என்றேன். அன்றைக்கு நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"அது சரிதானேம்மா" என்று ஏழுமலை எனக்குத் துணைக்கு வந்தார். "மலையையே அப்டி யாரும் சுத்த மாட்டாங்களே. நீ டென்ட்ட மாத்திப் போட்டிருக்கணும்."

ரேவதி அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஒரு இளநீரைத் தானே குடித்துவிட்டார்.

அப்போது மேடம் பிள்ளையாருக்குப் பின்னால் இருந்து கூப்பிட்டார். "ரேவதி, இங்க வா." கீழ்பென்னாத்தூர்க் கூடாரத்துக்குள் தலையை விட்டிருந்தார். "அடி அண்ணாமலை நோய்ச் சாறோட கத்தரி அடுத்தாப்ல இங்கதானே வந்திருக்கு? சுத்தமான செடி வரைக்கும் போய் அதையே சுருட்டியிருக்கு. இங்க ஏன் ஒரு இலைகூட சுருளல?"

ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். ஒவ்வொரு செடியாகப் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் அவள் விட்டுப்போன மாதிரியே லேசாக மஞ்சள் பூத்து, இலை சுருளாமல், காய் விட்டு நின்றன.

"மேடம்... சாது வகை ஏற்கெனவே உள்ள இருந்ததால முரடு வர முடியல?"

"அப்படின்னா ரெண்டும்?"

"ஒரே வைரஸோட ரெண்டு ஸ்ட்ரெயின்! ஒரே ஜாதின்னாத்தான் மொதல்ல வந்தது அடுத்தத உள்ள விடாது. வேற வேற வைரஸா இருந்தா ரெண்டும் சேந்து செடியையே முடிச்சிருக்கும்."

"இருக்கலாம். இத வெச்சு எதையும் எழுத முடியாது. இவங்க சுத்தினது சோதனை இல்ல, பிரதட்சணம்" என்றார் மேடம், அதே மெதுவான குரலில். "ஆனா இதையே வேணும்னு, ஒழுங்கா, திரும்பச் செஞ்சு பாரு. கல்லூரில நான் எடம் தரேன். இன்னும் ஒரு பயிர்க் காலம் ஆகும்."

இன்னும் ஒரு பயிர்க் காலம். ரேவதியின் முகம் மறுபடி வாடியது. அதை அவள் அப்பாவிடம் யார் சொல்வது?

எல்லாரும் ஏழுமலையைப் பார்த்தார்கள். ஏழுமலை வானத்தைப் பார்த்தார். நான் எப்படி ரேவதியின் போனை வாங்கி மாமாவுக்குப் போட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. மாமா முன்னால் நான் உட்கார்ந்ததுகூடக் கிடையாது.

"மாமா, நான் செல்வி."

"இன்னா செல்வி, நீயா பேசுற? யாருக்கு இன்னா ஆச்சு?" பதறிவிட்டார். நான் போன் செய்தால் துக்கச் செய்திதான் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை.

"செடி போச்சு மாமா. நான்தான் கெடுத்தேன். பொண்ணு மேல ஒண்ணும் இல்ல. அவளுக்கு இன்னொரு தடவ குடுங்க."

"உன்கிட்ட குடுத்துமா போச்சு? ஆடுதான் தின்னுதுன்னா..."

அவர் குரல் ஏறியது. என்ன சொல்வது என்று தெரியாமல் அப்போது கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

"நம்ம ஊரு செடி மட்டும் ஒண்ணும் ஆகல மாமா. அடி அண்ணாமல வைரஸ் உள்ள வர எவ்ளோ பாத்துச்சு. நம்ம ஊரு வைரஸ் விடவே இல்ல."

ஏறிய குரல் சட்டென்று இறங்கியது.

"விடலையா?"

"ஒரு இலைக்குக்கூட விடல மாமா."

"ஏழுமலை ஊரு வைரஸயா?"

"ஆமாங்க மாமா."

முதலில் ஒரு இருமல் கேட்டது. பிறகு சிரிப்பு. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கிற அளவுக்குச் சிரிப்பு. அக்காவைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "கேட்டியா, நம்மளுது அவன் ஊருத உள்ளயே விடலயாம்" என்று சொல்வது இங்கே வரை கேட்டது. வீரியம் கம்மி என்று ஏழுமலை ஊரெல்லாம் பேசியது அவர் காதுக்கும் போயிருக்கிறது. அதை அவர் மனசில் வைத்திருந்திருக்கிறார்.

"அவனாண்ட போன குடு" என்றார். கொடுத்தேன். ஏழுமலை "சரிங்கண்ணே, சரிங்கண்ணே" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசாத ஒரே போன் பேச்சு அதுதான். கடைசியில் போனை ரேவதியிடம் நீட்டி, "மாப்ள வூட்டுல நான் பேசிக்கிறேன், நீ போயி நம்ம ஊரு பேர நெலநாட்டுன்னு சொல்றாரும்மா" என்றார்.

ரேவதி அடுத்த பயிர்க் காலத்தில் கல்லூரியிலேயே அதைத் திரும்பச் செய்தாள். தனித் தனிக் கத்தரி, தனித் தனி ஆள். என்னை அந்தப் பக்கம் வரவே விடவில்லை. சாது வகையை முதலில் வைத்த செடிகளுக்கு முரட்டு வகையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்களாம். அசையவில்லை. அவள் படிப்பை முடித்தாள். நல்ல மார்க். அதில் என் பங்கு என்ன என்று கேட்டால் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள்.

தை மாதம் கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஏழுமலை உட்கார்ந்தார். அந்தப் பையனும் பாவம், என்னைப் போலக் கூச்ச சுபாவம். யார் எது சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தான். நான் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தபோது ஏழுமலை அவன் தோளில் கையைப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"கவலையே படாத மாப்ள. கீழ்பென்னாத்தூரு ஒண்ணு உள்ள வந்து உக்காந்துட்டா, அப்புறம் வேற எந்தக் கஷ்டமும் அந்த வூட்டுக்குள்ள வராது. எடம் இருக்காது. எனக்குக் கல்யாணம் ஆனதுலருந்து வரல."

பந்தி முழுக்கச் சிரித்தது. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பந்தியானாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் இலையை மடிப்பதில்லை. எனக்கு இதுவரை தெரியாதது ஒன்றுதான். அவர் அதைக் கேலியாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா? கேட்கலாம்தான். கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கு அவர் இலையில் மட்டும் பாயசம் இரண்டு கரண்டி கூட ஊற்றிவிட்டு நகர்ந்துவிட்டேன்.